ஒலிநாடா என்னும் உஸ்தாத்

1998ஆம் ஆண்டு. அரபி மத்ரஸாவில் ஐந்தாம் ஜும்ராவில் நான் ஓதிக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்கு ஊர் வந்திருந்த ஒரு நாளில் அஞ்சல்காரர் தடித்த உறையொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜித்தாவிலிருந்து வந்த உறை. உள்ளே கடிதம் இல்லை. ஒரு கேஸட் இருந்தது.

அந்நாளில் எங்கள் கடற்கரை ஊர்களில் இது புதுமையன்று. தொலைபேசிக் கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்த காலம் அது. வளைகுடா நாடுகளில் பிழைக்கச் சென்ற ஆண்மக்கள் எழுதுவதற்குப் பதிலாகப் பேசி அனுப்புவார்கள். இங்கிருந்தும் உம்மாமார்களும் மனைவியரும் பேசி அனுப்புவார்கள். அதற்கெனவே வெளிநாட்டிலிருந்து வந்த ‘டூ-இன்-ஒன்’ ஒன்று, பூவேலை செய்த துணி போர்த்தப்பட்டு, வீட்டுக் கூடத்தில் மரியாதையோடு வீற்றிருக்கும்.

அதைச் சுற்றி நாங்கள் அமர்ந்தோம். பேசியவர் என் மூத்த சகோதரி. மச்சானோடு ஜித்தாவில் குடியேறி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. எல்லோருக்கும் ஸலாம் சொல்லி முடித்து, ஊர் நலம் உறவு நலம் விசாரித்த பின், அவருடைய குரல் தாழ்ந்தது. “இது தம்பிக்கு மட்டும்” என்று தொடங்கினார்.

ஓர் இரவு குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல். மச்சான் இரவுப் பணியில் இருந்தார். அடுத்த தெருவிலிருந்த மருத்துவமனைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியே ஓடியிருக்கிறார். மருத்துவர் ஏதேதோ கேட்டார், ஒன்றும் விளங்கவில்லை. மருந்துப் புட்டியைக் கொடுத்து “குல் ஸித் ஸாஆத்” என்றார். ‘ஸித்’ என்பது ஆறு என்று மட்டும் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையா? நாளொன்றுக்கு ஆறு முறையா? புட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்க முயன்றால், ஸபர், ஸேர் இல்லாத எழுத்துகள். விடியும் வரை புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதா வேண்டாமா என்று தவித்திருக்கிறார்.

“சிறு வயதிலேயே குர்ஆனை ஓதி முடித்தவள் நான். அரபி எழுத்தை வாழ்நாளெல்லாம் பார்த்தவள். என் பிள்ளைக்கு மருந்து கொடுக்க அந்த அரபி உதவவில்லையே தம்பி! நீ கிதாபு ஓதுகிறாய் அல்லவா? எனக்குத் தேவையான வார்த்தைகளை ஒரு கேஸட்டில் பேசி அனுப்பு.”

உம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளூரப் பெருமைதான் மேலோங்கி நின்றது.

நான் தயாரித்த பாடம்

அறுபது நிமிடக் கேஸட் ஒன்றை வாங்கி, இரு பக்கங்களிலும் இடைவெளியின்றிப் பேசினேன். உடல் உறுப்புகளின் பெயர்கள், காய்கறிகள், எண்கள், வீட்டுப் பொருள்கள் என ஏறக்குறைய நானூறு சொற்கள். அரபிச் சொல், தமிழ்ப் பொருள். அரபிச் சொல், தமிழ்ப் பொருள் என்று நஹ்வு இலக்கணம் வழுவாமல், இஃராபு பிசகாமல், ஒரு குத்பாவுக்குரிய கம்பீரத்தோடு ஒலிப்பதிவு செய்து அனுப்பினேன்.

இரண்டு மாதங்கள் கழித்துப் பதில் கேஸட் வந்தது. என் சகோதரி சிரித்துச் சிரித்துப் பேசினார். கடைக்காரரிடம், நான் சொல்லிக் கொடுத்தபடி, ‘வேண்டும்’ என்பதற்கு “உரீது” என்றாராம். அங்கே நின்ற சிறுவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். தொலைக்காட்சியில் கார்ட்டூன் பாத்திரங்கள் பேசுவதுபோல் இருக்கிறது என்றார்களாம். அரபு நாடுகளில் குழந்தைகளுக்கான கார்ட்டூன் படங்கள் பெரும்பாலும் இலக்கண அரபியில்தான் பேசும் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன். ஜித்தாவின் கடைத்தெருவில் ‘எனக்கு வேண்டும்’ என்பதற்கு “அப்கா” என்பார்கள். ‘எங்கே’ என்பதற்கு நான் கற்றுக்கொடுத்தது “அய்ன”; அவர்கள் பேசுவது “ஃபேன்”. ‘என்ன’ என்பதற்கு என் பாடம் “மாதா”, அவர்களுடையது “ஏஷ்”.

ஐந்தாண்டு ஓதிய என் பெருமை அந்த ஒரு கேஸட்டில் கரைந்து போயிற்று.

அடுத்த வீட்டு மூதாட்டி

ஆயினும் என் சகோதரி சோர்ந்துவிடவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். எந்த நூலையும் படிக்காமலே ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அடுத்த வீட்டில் ஹிஜாஸைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் இருந்தார். அவரிடம் கெஞ்சி, நாள்தோறும் பயன்படும் வாக்கியங்களை நாடாவில் பேச வைத்தார். ‘குழந்தைக்குக் காய்ச்சல்’, ‘இது என்ன விலை’, ‘மெதுவாகச் சொல்லுங்கள்’ போன்ற சிறு வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்திற்கும் பின்னால் மூன்று மூச்சு விடும் நேரம் மௌனம் இருக்குமாறு செய்தார். சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அந்நாடா ஓடும். வாக்கியம் ஒலித்ததும், மௌனத்தில் இவர் வாய்விட்டுத் திருப்பிச் சொல்வார். முதல் நாள் பத்து. மறுநாள் அந்தப் பத்தோடு புதிதாக ஐந்து. முந்தையதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை.

ஆறு மாதங்களில் மருத்துவமனைக்குத் தனியே சென்று பேசிவரும் நிலையை அடைந்தார். ஓராண்டில், புதிதாக வந்த நம்மூர்ப் பெண்களுக்குத் துணையாகச் சென்று மொழிபெயர்க்கவும் தொடங்கினார்.

நான் அனுப்பியதும் நாடாதான். அவர் செய்துகொண்டதும் நாடாதான். ஒன்று தோற்றது, ஒன்று வென்றது. காரணம் என்ன? பிற்காலத்தில் அஞ்சல்வழியில் பட்டப்படிப்புப் படித்தபோது, மொழி கற்பித்தல் பற்றிய நூல்களைப் புரட்டி விடை தேடினேன்.

மெழுகு உருளை முதல் கைப்பேசி வரை

ஒலியைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் கருவியை எடிசன் 1877இல் உருவாக்கினார். அதன் பயன்களுள் ஒன்றாக மொழி கற்பித்தலை மக்கள் விரைவிலேயே கண்டுகொண்டனர். 1901ஆம் ஆண்டில் ஜாக்குவஸ் ராஸ்டன் என்பவர் லண்டனில் லிங்குவாஃபோன் நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கத்தில் மெழுகு உருளைகளிலும், பின்னர் இசைத்தட்டுகளிலும் பிறமொழிப் பாடங்கள் வீடு தேடி வந்தன. 1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் கையடக்கமான கேஸட்டை அறிமுகம் செய்தபின், ஏழை எளியோரும் ஓர் ஆசிரியரின் குரலைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள முடிந்தது. அதன்பின் குறுந்தகடு வந்தது. இன்று அவையெல்லாம் கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன.

நம் சமுதாயத்திற்கு இம்முறை அந்நியமானதன்று. உஸ்தாத் ஓதிக் காட்டுவார். மாணவன் கேட்டு அவ்வாறே திருப்பி ஓதுவான். ‘தல்கீன்’ என்று நாம் அழைக்கும் இம்முறையில்தான் தலைமுறை தலைமுறையாகக் குர்ஆன் நாவிலிருந்து நாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1961இல் எகிப்தில் ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் குரலில் குர்ஆன் முழுவதும் தர்தீலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு வானொலியில் ஒலித்தபோது, தேர்ந்த ஒரு காரியின் மக்ரஜும் தஜ்வீதும் உலகெங்கும் உள்ள வீடுகளுக்குள் நுழைந்தன.

மறதியை வெல்லும் கணக்கு

கற்றது ஏன் மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதித்து ஆராய்ந்து 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற உடனேயே மறதி மிக வேகமாகச் செயல்படுகிறது என்பதும், நாள் செல்லச் செல்ல அவ்வேகம் குறைகிறது என்பதும் அவர் கண்ட உண்மை. அப்படியானால், மறக்கப் போகும் தறுவாயில் மீண்டும் ஒருமுறை நினைவூட்டிவிட்டால்?

இக்கேள்விக்கு அமெரிக்க மொழியறிஞர் பால் பிம்ஸ்லர் 1967இல் ஒரு கால அட்டவணையையே வகுத்தளித்தார். ஒரு புதிய சொல்லைக் கற்ற ஐந்து விநாடியில் முதல் நினைவூட்டல். பின்பு இருபத்தைந்து விநாடி, இரண்டு நிமிடம், பத்து நிமிடம், ஒரு மணி, ஐந்து மணி, ஒரு நாள், ஐந்து நாள், இருபத்தைந்து நாள், நான்கு மாதம், இரண்டு ஆண்டு. இவ்வாறு இடைவெளி விரிந்துகொண்டே செல்ல, சொல் மனத்தில் ஆழமாக வேரூன்றுகிறது.

அவர் அமைத்த ஒலிப்பாடங்களில் மற்றொரு நுட்பமும் உண்டு. நாடா முதலில் விடையைச் சொல்லிவிடுவதில்லை. ‘விலை என்ன என்று எப்படிக் கேட்பீர்கள்?’ என்று கேட்டுவிட்டு மௌனமாகிறது. கற்பவர் தம் நினைவிலிருந்து விடையைத் தேடியெடுத்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதன் பின்னரே சரியான விடை ஒலிக்கும். தேடியெடுக்கும் அந்த உழைப்பில்தான் கல்வி நிகழ்கிறது.

இதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. என் கேஸட்டில் மௌனமே இல்லை. நானூறு சொற்களையும் ஒரே மூச்சில் கொட்டியிருந்தேன். மீண்டும் வருதல் இல்லை, வாக்கியமும் இல்லை. என் சகோதரியின் நாடாவிலோ இவை மூன்றும் இருந்தன.

அரபியில் ‘தக்ரார்’ என்றால் திரும்பத் திரும்பச் செய்தல் என்று பொருள். மத்ரஸாக்களில் மாணவர்கள் மாலையில் கூடி அன்றைய பாடத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கும் அதுவே பெயர். அச்சொல்தான் தமிழுக்கு வந்து ‘தகராறு’ ஆயிற்று. சொன்னதையே திரும்பச் சொன்னால் சண்டை வரும் என்பது உலகியல். மொழிக் கல்வியிலோ திரும்பச் சொல்லாவிடில் ஒன்றும் வராது!

எந்த அரபியைக் கற்பது?

ஒலிப்பாடம் தேடும் சகோதரர்கள் முதலில் விடை காண வேண்டிய கேள்வி இதுவே. அரபி என்ற ஒரே பெயரின் கீழ் நூல்மொழி ஒன்றும், நாட்டுக்கு நாடு வேறுபடும் பேச்சுமொழிகள் பலவும் உள்ளன. ‘இப்போது’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். நூல்மொழியில் அது “அல்ஆன்”. ஜித்தாவில் “தஹீன்”. வளைகுடாக் கரையோர நாடுகளில் “அல்ஹீன்”. எகிப்தில் “தில்வக்தி”. சிரியாவில் “ஹல்லா”. ஒலிகளும் மாறும். கோழிக்கு நூல்மொழியில் “தஜாஜ்”. குவைத்தின் பேச்சில் அது “தியாய்” ஆகிவிடும்.

ஆகவே, கடையிலோ அலுவலகத்திலோ வாகனம் ஓட்டியோ பிழைக்கச் செல்பவர்கள், தாம் செல்லும் நாட்டின் பேச்சுமொழிப் பாடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எகிப்தியப் பேச்சுப் பாடத்தை மனனம் செய்துகொண்டு துபாயில் இறங்கினால், என் கேஸட்டுக்கு நேர்ந்த கதிதான் நேரும்.

குர்ஆனையும் ஹதீஸையும் விளங்கும் நோக்கமுடையோர் நூல்மொழியையே கற்க வேண்டும். இத்துறையில் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்றுண்டு. அரபி அறியாத மாணவர்களுக்காக மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் உருவாகி, இன்று உலகெங்கும் பயிலப்படும் ‘துரூஸுல் லுகத்தில் அரபிய்யா’ என்னும் மூன்று பாக நூலை இயற்றியவர், 1933இல் நம் வாணியம்பாடியில் பிறந்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்களே. 2023இல் அவர் மறைந்துவிட்டார். ஆயினும் அந்நூலை அவரே நடத்திய பாடங்களின் பதிவுகளை இன்றும் கேட்கலாம்.

நமக்குள்ள வசதியும் நமக்குள்ள இடரும்

அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்பிக்கும் நிலையத்தின் கணக்குப்படி, ஆங்கிலம் பேசுவோர் அரபியில் நல்ல தேர்ச்சி பெற ஏறத்தாழ 2200 வகுப்பு மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு அரை மணி என்று கொண்டால் பன்னிரண்டு ஆண்டுகள்! ஆதலால் ‘முப்பது நாளில் அரபி’ என்னும் விளம்பரங்களை நம்பி ஏமாற வேண்டாம். அதே வேளையில் அஞ்சவும் வேண்டாம். பிம்ஸ்லர் பாடத்தின் ஒரு படி என்பது அரை மணி வீதம் முப்பது பாடங்கள். அதாவது பதினைந்து மணி நேரமே. ஸலாம் சொல்லி நலம் விசாரிக்கவும், வழி கேட்கவும், விலை பேசவும் அவ்வளவு போதும்.

நமக்கு முதலும் கொஞ்சம் உண்டு. அசல், நகல், வசூல், பாக்கி, ஆஜர், வக்கீல், காலி என்று நாம் தமிழாகவே பேசும் சொற்களின் வேர் அரபியில் இருக்கிறது. மக்தபில் ஓதியவருக்கு எழுத்துகளும் பழக்கம்.

இடர் எங்கே வருகிறதென்றால், பழகிவிட்ட பிழையான உச்சரிப்பில். ‘கல்ப்’ என்பதை அடித்தொண்டையின் காஃபோடு சொன்னால் இதயம்; சாதாரணக் காஃபோடு சொன்னால் நாய். தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தால் இரண்டும் ஒன்றே. எனவேதான், அரபிச் சொற்களைத் தமிழில் எழுதிய கையேடுகளை மட்டும் நம்புவதைக் காட்டிலும் செவியால் கற்பது சிறந்தது என்கிறேன். முதலில் கேளுங்கள், பிறகு சொல்லுங்கள், அதன் பின்னரே எழுத்தைப் பாருங்கள்.

கற்கும் முறை

என் சகோதரியின் அனுபவத்திலும், என் மாணவர்களிடம் கண்ட அனுபவத்திலும் தெளிந்த சில நெறிகளைக் கூறுகிறேன்.

நாள்தோறும் ஒரே நேரத்தை ஒதுக்குங்கள். சுப்ஹுத் தொழுகைக்குப் பின் அரை மணி நேரம் மிகச் சிறந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் அமர்ந்து கேட்பது, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வயிறு முட்ட உண்பதைப் போன்றது.

வாய்விட்டுச் சொல்லுங்கள். மனத்துக்குள் சொல்வது கணக்கில் சேராது. வீட்டார் சிரிப்பார்களே என்ற வெட்கம்தான் பலருடைய படிப்பைக் கெடுத்திருக்கிறது. இதற்கு ஒரே மருந்து, வீட்டாரையும் சேர்த்துக்கொள்வது. கணவர் வெளிநாடு செல்லக் கற்கும் பாடத்தை மனைவியும் பிள்ளைகளும் உடனிருந்து கற்கட்டும். நாளை அங்கே குடும்பத்தோடு வாழ நேரின், நள்ளிரவில் மருந்துப் புட்டியோடு தவிக்கப் போவது அவர்தாமே?

பின்னணியில் வெறுமனே ஓடவிட்டால் மொழி வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். என் சகோதரி சமைத்துக்கொண்டே கேட்டார் என்றால், கை சமைத்தது. செவியும் நாவும் பாடத்தில் இருந்தன.

ஒரு பாடத்தில் பத்தில் எட்டு வாக்கியங்கள் தடையின்றி வரும்வரை அடுத்த பாடத்துக்குச் செல்லாதீர்கள். பத்துக்குப் பத்தும் வரட்டும் என்று ஒரே பாடத்தில் மாதக் கணக்கில் நிற்கவும் வேண்டாம். எஞ்சிய இரண்டும் பின்வரும் பாடங்களில் தாமே வந்து சேரும்.

நாடாவின் குறை

ஒலிநாடாவுக்கு வாய் உண்டு, செவி இல்லை. நீங்கள் பிழையாகச் சொன்னாலும், அது மறுநொடியே அடுத்த வாக்கியத்திற்குச் சென்றுவிடும். திருத்துபவர் இல்லாமல் பிழையையே நூறு முறை தக்ரார் செய்தால், பிழைதான் உறுதிப்படும். ஹிஃப்ழு செய்யும் மாணவன் எத்தனை காரிகளின் ஒலிப்பதிவைக் கேட்டிருந்தாலும், இறுதியில் உஸ்தாதின் முன் அமர்ந்து ஓதிக் காட்டுவது இதனால்தான்.

எனவே வாரம் ஒருமுறையேனும் அரபி அறிந்த ஒருவரிடம் பேசிக் காட்டுங்கள். அந்நாட்டில் வாழ்ந்து திரும்பிய பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகள் அங்கே பேசிய மொழியை இங்கே யாரிடமும் பேச வழியின்றி, திண்ணையில் அமர்ந்திருக்கும் அவர்களிடம் சென்று கேட்டால் மகிழ்வோடு சொல்லித் தருவார்கள். அதுவும் இயலாவிடில், உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிந்து, பாடத்தின் குரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் கசக்கும், ஆனால் அது உண்மையைச் சொல்லும்.

பெட்டியிலிருந்த கேஸட்

2012இல் உம்ராச் செல்லும் பாக்கியத்தை அல்லாஹ் எனக்கு அளித்தான். ஜித்தாவில் என் சகோதரி வீட்டில் தங்கினேன். மக்காவுக்குப் புறப்பட வாடகைக் காரை நிறுத்தி, ஓட்டுநரிடம் என் இலக்கண அரபியில் கட்டணம் பேசத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ விரைந்து சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கிற்று. பின்னால் நின்ற என் சகோதரி இரண்டே வாக்கியங்கள் பேசினார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். ஆலிம் பட்டம் பெற்று, அரபி கற்பிக்கும் ஆசிரியனாகவும் இருந்த நான், வாய்மூடி ஏறி அமர்ந்தேன்.

அன்றிரவு வீடு திரும்பியதும், என் சகோதரி ஒரு பெட்டியைத் திறந்து பழைய கேஸட் ஒன்றை எடுத்துக் காட்டினார். உறையின் மேல் என் கையெழுத்து. 1998இல் நான் அனுப்பியது!

“இதை இன்னும் எறியவில்லையா?” என்று கூசிப்போய்க் கேட்டேன்.

“ஏன் எறிய வேண்டும் தம்பி? பேச்சு வந்த பிறகு இதை எடுத்து மறுபடி கேட்டேன். நீ சொன்ன சொற்களில் எத்தனையோ குர்ஆனில் வருகின்றனவே! ஓதும்போது இடையிடையே பொருள் விளங்க ஆரம்பித்தது. கடைக்கு உதவாத கேஸட் தொழுகைக்கு உதவியது. இப்போது ஒரு கிதாபும் வாங்கி வைத்திருக்கிறேன். இங்கிருக்கும் வரை நீதான் பாடம் சொல்லித் தர வேண்டும்.”

அந்தப் பயணத்தில் எஞ்சிய நாட்களில், இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் நான் அவருக்கு நஹ்வு சொல்லிக் கொடுத்தேன். அடுத்த அரை மணி நேரம் அவர் எனக்குக் கடைத்தெரு அரபி சொல்லிக் கொடுத்தார். என் பிழைகளுக்கு அவர் சிரித்தார். அவர் பிழைகளுக்கு நான் சிரிக்கவில்லை.

அன்பார்ந்த சகோதர சகோதரிகளே! உங்கள் வீட்டில் ஒருவர் அயல்நாடு செல்லவிருக்கிறார் எனில், பெட்டியில் ஊறுகாயும் பொடியும் வைப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே, அந்நாட்டு மொழியின் ஒலிப்பாடம் ஒன்றை அவர் கையில் கொடுங்கள். உடனமர்ந்து நீங்களும் சொல்லிப் பழகுங்கள். கற்றதைப் பயனுள்ளதாக ஆக்கி, நம் அனைவரின் நாவுகளையும் எளிதாக்கிவைக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.